பகைமையின்றி வேரறுத்தல்

தீமையை எதிர்த்து நிற்க வேண்டும் என்று அறநூல்கள் நமக்குக் கற்பிக்கின்றன. எவரையும் வெறுக்கலாகாது என்றும் அவையே கற்பிக்கின்றன. தனித்தனியே கேட்கும்போது இவ்விரு போதனைகளும் எளியவையாகவே தோன்றுகின்றன. இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிக்க முற்படும்போதுதான் அவற்றின் கடுமை புலனாகிறது. எதிர்க்கத் தொடங்கியவன் விரைவில் வெறுக்கவும் தொடங்கிவிடுகிறான். வெறுக்கக் கூடாது என்று உறுதி பூண்டவனோ, பல வேளைகளில் எதிர்ப்பதையே கைவிட்டுத் தன் செயலின்மைக்குக் கருணை என்று பெயர் சூட்டிக்கொள்கிறான்.

மனிதர்களை உதாரணமாகக் கொண்டு இதை ஆராய்ந்தால் நம் விருப்பு வெறுப்புகள் இடையே புகுந்து தெளிவைக் கெடுத்துவிடும். நமக்கு வேண்டியவன் செய்த தவறு சிறியதாகவும், வேண்டாதவன் செய்த தவறு பெரியதாகவும் தோன்றும். ஆகவே வஞ்சனையோ உள்நோக்கமோ சிறிதும் இல்லாத ஓர் உயிரை எடுத்துக்கொள்வோம். அது தென் அமெரிக்காவில் தோன்றி, இன்று நியூசிலாந்தின் தோப்புகளையும் காடுகளையும் மூடி வளரும் ஒரு கொடி. அது ஒரு பாவமும் அறியாதது. ஆயினும் அதைக் கண்ட இடத்தில் பிடுங்க வேண்டும் என்று அந்நாட்டு மக்கள் அறிவுறுத்தப்படுகிறார்கள். குற்றமற்ற ஓர் உயிரை வேரோடு களைவது அறமாகுமா?

தாயகத்தில் ஒரு கொடி

அந்துப்பூச்சிக் கொடி என்ற பொருள்படும் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கப்படும் இக்கொடியின் அறிவியல் பெயர் அராவுஜியா செரிசிஃபெரா. போர்ச்சுகல் நாட்டின் அமைச்சராகவும் தாவரவியலில் ஆர்வலராகவும் விளங்கிய அன்டோனியோ டி அராவுஜோ என்பவரின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயர் இடப்பட்டது. பெயரின் இரண்டாம் பகுதிக்குப் 'பட்டைத் தாங்கியது' என்று பொருள். விதைகளின் நுனியில் உள்ள பட்டுப்போன்ற வெண்ணிற இழைகளால் அப்பெயர் வாய்த்தது.

நம் நாட்டு எருக்கும், வேலிகளில் படரும் வேலிப்பருத்தியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. தண்டை ஒடித்தால் வெண்ணிறப் பால் வடிவதும், காய் வெடித்தால் பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் மிதந்து செல்வதும் இக்குடும்பத்திற்கு உரிய இயல்புகள். நம் ஊர்க் குழந்தைகள் 'தாத்தாப்பூச்சி' என்று கூவித் துரத்திச் செல்வது இத்தகைய விதைகளைத்தான்.

தெற்கு பிரேசில், பராகுவே, உருகுவே, ஆர்ஜென்டினா ஆகிய நாடுகளே இதன் தாயகம். ஆர்ஜென்டினாவின் கிராம மக்கள் இக்கொடியையும் இதன் உறவுக் கொடிகளையும் 'டாஸி' என்று அழைக்கின்றனர். முற்றாத இளங்காயைச் சமைத்து உண்பதும், பாகிலிட்டு இனிப்புப் பண்டமாக்குவதும் அங்கே வழக்கம். பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பால் சுரக்கச் செய்யும் மூலிகையாகவும் கிராம வைத்தியத்தில் இது மதிக்கப்பட்டு வந்துள்ளது. ஒடித்தால் பால் வடியும் கொடி தாய்க்கும் பால் தரும் என்ற எண்ணம் நம்மவர்க்குப் புதியதன்று. ஆயுர்வேதத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜீவந்திக் கொடி அதே பயனுக்காகப் போற்றப்படுகிறது.

எனினும் டாஸியின் பால் உண்ணத்தக்கதன்று. தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாக்கும். கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். முறை தெரிந்தவர்கள் மட்டுமே காயைப் பக்குவம் செய்தனர். உணவும் நஞ்சும் ஒரே கொடியில் அடுத்தடுத்து இருந்தன. அங்கு வாழ்ந்த மக்கள் இரண்டையும் அறிந்து, எதற்கு எவ்வளவு இடம் தர வேண்டுமோ அவ்வளவே தந்து அதனுடன் வாழ்ந்தனர்.

புதிய மண்ணில் அதே கொடி

1880களில் இக்கொடி நியூசிலாந்துக்குச் சென்றது. தோட்டத்தை அழகு செய்ய வேண்டும் என்ற விருப்பத்தால் மனிதர்களே அதைக் கொண்டு சென்றனர். வெண்மையும் மென்சிவப்பும் கலந்த மணமுள்ள மலர்கள், மேற்புறம் கரும்பச்சையும் அடிப்புறம் வெண்மையுமான இலைகள், பந்தலை விரைவில் மூடும் வளர்ச்சி ஆகியவற்றைக் கண்டு அதை விரும்பாதவர் யார்? கொண்டு சென்றவர்களின் உள்ளத்தில் தீய எண்ணம் எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

கடும் உறைபனி இல்லாத வடதீவின் தட்பவெப்பம் கொடிக்கு நன்கு ஒத்துக்கொண்டது. நம் சௌசௌக் காயை நினைவூட்டும் அதன் பெரிய காய் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான விதைகள் உள்ளன. காய் வெடித்ததும் அவை காற்றேறி நெடுந்தொலைவு செல்கின்றன. விழுந்த இடத்தில் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் காத்திருக்கவும் வல்லவை. தோட்டத்து வேலியைத் தாண்டிய கொடி, ஆக்லாந்து நகரைச் சுற்றியுள்ள தரிசுகளிலும், கடலோரத் தோப்புகளிலும், புதிதாகத் தழைத்து வரும் காடுகளிலும் புகுந்தது. இளமரங்களின் மேல் ஏறிப் படர்ந்து, சூரிய ஒளியை மறைத்து, தன் எடையால் கிளைகளை வளைத்து, கீழுள்ள நாற்றுகளை வளரவிடாமல் செய்தது. வேறெங்கும் இல்லாத மரங்களும் பறவைகளும் வாழும் தீவுகள் அவை. அங்கே ஒரு தோப்பு அழிந்தால், அதற்கு ஈடான இன்னொரு தோப்பை உலகின் வேறு மூலையிலிருந்து கொண்டுவர இயலாது.

இன்று நியூசிலாந்தில் இக்கொடியை விற்பதும், பெருக்குவதும், பரப்புவதும் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன. தென் ஆப்பிரிக்காவிலும் இது கட்டுப்படுத்தப்பட வேண்டிய செடிகளின் பட்டியலில் உள்ளது. ஆக்லாந்துப் பகுதியில் பள்ளிக் குழந்தைகள் இதன் காய்களைச் சேகரிக்கும் போட்டிகளில் ஈடுபடுகிறார்கள்.

கொடி மாறவில்லை. ஆர்ஜென்டினாவில் எப்படி மலர்ந்து, காய்த்து, விதை பரப்பியதோ அப்படியேதான் நியூசிலாந்திலும் செய்தது. பின் ஏன் அங்கே மூலிகை, இங்கே களை? தாயகத்தில் அதன் வேரைத் தின்னும் வண்டினப் புழுக்கள் உண்டு. அதன் இலைகளைத் தாக்கும் துரு நோய்ப் பூஞ்சை உண்டு. அவை கொடியை அழித்துவிடவில்லை, அளவோடு வைத்திருந்தன. புதிய மண்ணில் இத்தகைய தடை எதுவும் இல்லை. எதிரிகள் இல்லாமற்போனதே அக்கொடியை எல்லோருக்கும் எதிரியாக்கியது.

இது நின்று சிந்திக்கத்தக்க உண்மை. நம்முடைய திறமை, செல்வம், அதிகாரம், சொல்வன்மை ஆகிய ஒவ்வொன்றும் தடுப்பார் உள்ள இடத்தில் பயன் தருகிறது. தடுப்பார் இல்லாத இடத்தில் பிறரை மூடிவிடுகிறது. இல்லத்தில் நம்மைக் கண்டிக்கும் மூத்தோரும், பணியிடத்தில் நம் கருத்தை மறுத்துப் பேசும் உடன் ஊழியரும் நம் வளர்ச்சிக்குத் தடை என்று எண்ணுகிறோம். அவர்கள் இல்லாத ஓர் இடத்திற்குச் சென்றுவிட்டால் நாம் எவ்வளவு தழைப்போம் என்று கனவு காண்கிறோம். அவ்வாறு தழைத்த கொடியின் கீழ் என்ன நிகழ்ந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொடியைக் குற்றவாளியாக்கலாமா?

இக்கொடிக்கு ஆங்கிலத்தில் 'கொடுமைச் செடி' என்ற மற்றொரு பெயரும் உண்டு. தேன் அருந்த வரும் அந்துப்பூச்சியின் உறிஞ்சு குழல் மலரின் உள்ளே உள்ள குறுகிய பிளவில் சிக்கிக்கொள்கிறது. வலிமை மிக்க பூச்சிகள் குழலை இழுத்துக்கொண்டு மகரந்தப் பொதியுடன் பறந்துவிடுகின்றன. வலிமை குறைந்தவை இரவெல்லாம் தொங்கித் தவிக்கின்றன. சில அங்கேயே இறக்கின்றன. இதைக் கண்ட மனிதன் மலருக்குக் கொடுமையை ஏற்றினான்.

ஆனால் அந்த மரணத்தால் மலருக்கு என்ன ஆதாயம்? இக்கொடி பூச்சியைத் தின்னும் செடிகளைச் சேர்ந்ததன்று. இறந்த பூச்சி மகரந்தத்தைச் சுமந்து அடுத்த மலருக்குச் செல்லாது. ஆகவே அது கொடிக்கும் இழப்பே. வலிய பூச்சிகளுக்குப் பொருந்திய ஓர் அமைப்பில் மெலிந்த பூச்சி வந்து அகப்பட்டுக்கொள்கிறது, அவ்வளவே. இங்கே துன்பம் உண்டு. துன்புறுத்தும் எண்ணம் இல்லை. அதன் பாலும் அவ்வாறே. தன்னைக் கடித்துத் தின்னும் உயிர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இயற்கை அதற்கு அளித்த கவசம் அது. அதை நம் கண்ணில் தெளிக்க வேண்டும் என்று அது காத்திருக்கவில்லை.

மனித வாழ்விலும் நமக்குத் துன்பம் நேர்ந்தால், அத்துன்பத்தின் பின்னே ஒரு கெட்ட எண்ணம் இருந்தே தீர வேண்டும் என்று மனம் முடிவு கட்டுகிறது. பக்கத்து வீட்டார் எழுப்பிய சுவர் நம் வீட்டு வெளிச்சத்தை மறைத்தால், நம்மை வருத்தவே அவர் அதை எழுப்பினார் என்று கருதுகிறோம். உண்மையில் அவர் நம்மை நினைக்கவே இல்லாமல் இருந்திருக்கலாம். நம்மை நினையாமற்போனதும் ஒரு குறையே. ஆனால் அலட்சியத்திற்கும் வஞ்சனைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவன், அவரிடம் சென்று பேசும் முறையே வேறாக இருக்கும்.

தீங்கு உண்மை, தீய எண்ணம் நம் கற்பனை என்று தெளிந்த பின்னரும் தீங்கு தீங்காகவே நிற்கிறது. 'பாவம், கொடி என்ன செய்யும்?' என்று இரங்கி விட்டுவிட்டால், அதன் கீழ் ஒளியின்றி மடியும் நாற்றுக்காக இரங்குவோர் யார்? அந்த நாற்றும் ஒரு பாவமும் அறியாததுதான். கண்ணெதிரே உள்ள ஓர் உயிரிடம் மட்டும் காட்டும் கருணை அரைக் கருணை. அதனால் அழியவிருக்கும், கண்ணில் படாத உயிர்களையும் சேர்த்து எண்ணுவதே முழுமையான கருணை.

அயல் என்பது குற்றமன்று

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இத்தகைய செடிகளைப் பற்றிப் பேசுவோர் 'அந்நியச் செடி', 'ஆக்கிரமிப்பாளன்' என்ற சொற்களை எளிதாக ஆளுகின்றனர். அச்சொற்கள் நாவில் பழகிவிட்டால், அவை செடிகளோடு நில்லாமல் மனிதர்களை நோக்கியும் திரும்பக்கூடும். வேறு மண்ணிலிருந்து வந்தவன் என்பதாலேயே ஒருவனை ஐயுறும் மனநிலைக்கு ஒரு களைச்செடி உவமையாகிவிடக் கூடாது.

நம் சமையலறையைப் பார்த்தாலே இதற்கு விடை கிடைக்கும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, முந்திரி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவையே. அவற்றை இன்று எவரும் அயலவை என்று எண்ணுவதில்லை. மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலைக் கற்பனை செய்வதும் அரிது. ஆகவே எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கொண்டு ஒரு செடியை மதிப்பிட முடியாது. வந்த இடத்தில் பிறரை வாழவிடுகிறதா என்பதே உரைகல். அந்த உரைகல் அயலார்க்கு மட்டும் உரியதன்று. அந்த மண்ணிலேயே பிறந்தது பிறரை நசுக்கினாலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். மேலும், மனிதன் கொடியைப் போன்றவன் அல்லன். கொடியால் தன் இயல்பை மாற்றிக்கொள்ள இயலாது. மனிதனிடம் பேசலாம், அவனும் மாறலாம். அதனால்தான் கொடிக்கு நாம் செய்வதை மனிதருக்குச் செய்ய நமக்கு உரிமை இல்லை.

காந்தியடிகள் சந்தித்த கேள்வி

அஹிம்சையை வாழ்க்கை நெறியாகக் கொண்ட காந்தியடிகளுக்கும் இத்தகைய சங்கடம் நேர்ந்தது. 1926ஆம் ஆண்டில் அகமதாபாத்தைச் சேர்ந்த ஆலை அதிபர் ஒருவர், வெறிநாய்க்கடி அச்சம் காரணமாகத் தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். காந்தியடிகள் அச்செயலைத் தவிர்க்க முடியாதது என்று கருதினார். அதனால் எழுந்த எதிர்ப்புக் கடிதங்களுக்கு 'யங் இந்தியா' இதழில் தொடர்ந்து விடையளித்தார். தெருநாய்க்கு ஒரு பிடி உணவை எறிந்துவிட்டு, அதைப் பேணும் பொறுப்பை மட்டும் ஏற்க மறுப்பது போலிக் கருணை என்பது அவர் வாதத்தின் சாரம். கொல்ல வேண்டிய நிலை உருவானதற்கு, பொறுப்பை ஏற்காத சமுதாயமே காரணம் என்று அவர் சுட்டிக்காட்டினார்.

1928ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் தீராத நோயால் துடித்த ஒரு கன்றுக்கு, அவர் இசைவுடன் மருத்துவர் ஊசி மூலம் நஞ்சேற்றி அதன் துன்பத்தை முடித்தார். நாடெங்கும் கண்டனங்கள் எழுந்தன. அப்போது காந்தியடிகள் நுட்பமான ஒரு வேறுபாட்டைச் செய்து காட்டினார். கன்றின் மரணம் கன்றின் நலம் கருதியது. அது அஹிம்சையே என்றார். ஆனால் பயிரை அழிக்கும் குரங்குகளை ஆசிரமத்தார் கொல்ல நேர்ந்தால், அது தம் நலத்திற்காகச் செய்யப்படுவது. அதை அஹிம்சை என்று சொல்ல அவர் உடன்படவில்லை. உடலோடு வாழும் எவரும் ஹிம்சையை முற்றிலும் தவிர்க்க இயலாது. ஆயினும் தவிர்க்க இயலாத ஹிம்சைக்கு அஹிம்சை என்ற பெயரைச் சூட்டி மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

நம் கேள்விக்கு இது பெரிதும் துணைபுரிகிறது. கொடியைப் பிடுங்குவது கொடியின் நன்மைக்காக அன்று. அது ஓர் உயிரின் அழிவே. அதைப் புண்ணியச் செயல் என்று கொண்டாடத் தேவையில்லை. மற்ற உயிர்களைக் காக்க வேறு வழியில்லாததால் செய்யப்படும், வருத்தம் கலந்த கடமை அது. அந்த வருத்தம் உள்ளத்தில் இருக்கும் வரையில் செயல் எல்லை மீறாது. வருத்தம் மறைந்து மகிழ்ச்சி புகும்போது, களையெடுக்கும் கை தேவைக்கு மேலும் வெட்டத் தொடங்கும்.

களையும் முறை

வெறுப்பின்றிச் செயல்படுவது எப்படி என்பதை அக்கொடியை அகற்றும் முறையிலிருந்தே கற்கலாம். சினத்துடன் பாய்ந்து கொடியை இழுத்துப் பிய்ப்பவன் தன் கைகளிலும் கண்ணிலும் பாலைத் தெளித்துக்கொள்கிறான். ஆகவே கையுறை அணிந்து, கைகளை மூடும் உடை உடுத்து, கண்களைக் காத்துக்கொண்ட பின்னரே பணியைத் தொடங்க வேண்டும் என்பது முதல் விதி. தீமையைக் களையச் செல்பவன் அத்தீமை தன் மேல் படாமல் காத்துக்கொள்வது கோழைத்தனம் ஆகாது. பொய்யை எதிர்க்கப் புறப்பட்டுத் தானும் பொய் சொல்லப் பழகியவர்கள், வன்முறையை எதிர்த்துத் தாங்களும் வன்முறையாளர்களாகியவர்கள் இப்பாதுகாப்பை மறந்தவர்களே.

அடுத்த விதி காலத்தைப் பற்றியது. இளஞ்செடியாக இருக்கும்போது கையால் வேரோடு எடுத்துவிடலாம். அதற்கு மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம். தண்டு தடித்து மரத்தின் மேல் ஏறிய பின்னர் வெட்டினால், அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கிறது. ஆகவே வெட்டிய இடத்தில் உடனே மருந்து தடவ வேண்டியதாகிறது. இன்று ஓர் இளஞ்செடிக்கு இரங்கி விட்டுவைப்பவன், நாளை நஞ்சைக் கையில் எடுக்க வேண்டியவனாகிறான். குழந்தையின் சிறு பொய்யைச் சிரித்து விட்டுவிட்ட பெற்றோர், பின்னாளில் கடுஞ்சொல்லைக் கையாள நேர்வதும் இவ்வாறே. உரிய காலத்தில் செய்யப்படும் திருத்தம் மென்மையாக இருக்க முடியும். தாமதம் அம்மென்மையைப் பறித்துவிடுகிறது.

மூன்றாவது விதி காய்களைப் பற்றியது. கொடியிலிருந்து பறித்த பின்னரும் காய்கள் முற்றி வெடித்து விதை பரப்பக்கூடும். ஆகவே அவற்றைத் தனியே பைகளில் கட்டி முறைப்படி அகற்றுகிறார்கள். காயில்லாத தண்டை மரத்திலேயே காயவிட்டாலும் தீங்கில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் தண்டு இங்கே அவ்வளவு ஆபத்தானதன்று. சிறிய விதையே ஆபத்தானது. மனத்தில் ஒரு தீய பழக்கத்தை விட்டுவிட்டோம் என்று நிறைவடையும்போது, அதன் நினைவையும் அதில் கொண்ட இன்பத்தையும் உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு முறை அகற்றிய இடத்திற்கு ஆண்டுதோறும் மீண்டும் சென்று பார்க்க வேண்டும் என்பது இறுதி விதி. மண்ணில் கிடக்கும் விதைகள் மழைக்குப் பின் முளைக்கும். இதில் வெற்றி விழா என்று ஒன்று இல்லை. விழிப்பு மட்டுமே உண்டு. வெறுப்பால் செயல்படுபவன் இப்பணியில் நிலைத்திருக்க மாட்டான். வெறுப்பு ஒரு பருவத்தில் கொழுந்துவிட்டு எரிந்து அணைந்துவிடும். அந்த மண்ணின் மேல் கொண்ட அன்பே பத்தாண்டுகள் ஒருவனைத் திரும்பத் திரும்ப அங்கே அழைத்துச் செல்லும்.

தவறைத் திருத்துவதிலும் அடக்கம்

நியூசிலாந்தில் இதைவிடப் பெரிய படிப்பினை ஒன்றும் உண்டு. கொடி வந்த அதே 1880களில், பெருகிவிட்ட முயல்களைக் கட்டுப்படுத்துவதற்காக ஸ்டோட் என்னும், நம் கீரியை ஒத்த சிறு ஊனுண்ணியை அங்கே கொண்டுவந்து விட்டனர். அதுவோ முயல்களோடு நில்லாமல், பறக்க இயலாத கிவிப் பறவையின் குஞ்சுகளை வேட்டையாடத் தொடங்கியது. அத்தீங்கு இன்றளவும் தொடர்கிறது. ஒரு தவறைத் திருத்த அவசரமாகச் செய்த செயல் அதைவிடப் பெரிய தவறாயிற்று.

அந்த அனுபவத்தால் பின்வந்தோர் அடக்கம் கற்றனர். அந்துப்பூச்சிக் கொடியைக் கட்டுப்படுத்த அதன் தாயகத்து வண்டினம் ஒன்றைக் கொண்டுவர எண்ணியபோது, அவ்வண்டு வேறு செடிகளைத் தாக்குமா என்பதை முன்கூட்டியே சோதித்து ஆராய்ந்தனர். முறையான அனுமதி பெற்ற பின்னரே செயலில் இறங்கினர். முந்திய தலைமுறையிடம் நல்லெண்ணம் இருந்தது. 'எனக்குத் தெரியாதது எவ்வளவு?' என்று கேட்கும் பணிவு இல்லை. நல்லெண்ணம் மட்டுமே ஒரு செயலை நற்செயலாக்கிவிடாது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. அழகுச் செடியாக ஐரோப்பியர் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் தரையை மூடியுள்ளது. அதன் கனிந்த சிறு பழங்களைக் குழந்தைகள் பறித்துத் தின்பர். அதன் இலையோ கால்நடைகளுக்கு நஞ்சு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த சீமைக் கருவேலம் விளைநிலங்களையும் கண்மாய்களையும் நிறைத்துள்ளது. ஆனால் இராமநாதபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பல ஏழைக் குடும்பங்கள் உலை வைக்கின்றன. 'கெட்ட மரம், வெட்டி எறி' என்று தொலைவிலிருந்து ஆணையிடுவது எளிது. அம்மரத்தின் நிழலில் பிழைப்பவர்க்கு வேறு வழி காட்டாமல் அதை வெட்டுவது, ஒரு தீங்கைக் களைந்து மற்றொரு தீங்கை நடுவதாகும். நீலகிரிப் பகுதியின் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டு யானை உருவங்கள் செய்தனர். அவை 2021ஆம் ஆண்டில் லண்டன் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. காட்டைச் சுருக்கிய செடியை அகற்றும் பணியே சிலருக்கு உழைப்பும் மதிப்பும் தருவதாக அமைந்தது. எதிர்ப்பும் கருணையும் ஒரே செயலில் கூடியிருக்க இயலும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

முடிவாக

குற்றமற்றதைக் களையலாமா என்ற கேள்விக்கு இப்போது விடை காண முயல்வோம். ஒருவர் குற்றவாளியா என்பது ஒரு கேள்வி. அவரால் விளையும் தீங்கைத் தடுக்க வேண்டுமா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே நாம் தடுமாறுகிறோம். குற்றம் இருந்தால்தான் தடுக்கலாம் என்று எண்ணுபவன், தடுப்பதற்காகவே பிறர் மேல் குற்றம் கற்பிக்கத் தொடங்குவான். குற்றம் இல்லை என்று அறிந்தவன் தடுக்கவும் கூடாது என்று எண்ணினால், மெலியவர்களைக் கைவிட்டவனாவான். குற்றம் சாட்டாமல் தடுக்கலாம், வெறுக்காமல் விலக்கலாம், வருந்திக்கொண்டே உறுதியாக நிற்கலாம்.

குடித்துவிட்டு வந்து வீட்டை அலைக்கழிக்கும் மகனைத் தாய் வெறுப்பதில்லை. ஆனாலும் வீட்டுச் சாவியையும் பணப்பெட்டியையும் அவனிடம் தராமல் இருக்க வேண்டிய கடமை அவளுக்கு உண்டு. அவனுடைய பிள்ளைகளும் அதே கூரையின் கீழ்தான் உறங்குகிறார்கள். அவன் கெட்டவன் என்று நிரூபித்த பின்னர்தான் அவள் அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. அவனுக்கு உணவு வைத்துவிட்டுச் சாவியை மறைத்து வைக்கும் அத்தாயின் உள்ளத்தில் நாம் தேடிய விடை இருக்கிறது.

நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தோட்டத்தின் பொறுப்பாளர்கள். அதில் நாமே ஆசையுடன் நட்டு, இப்போது பிறரை மூடி வளர்ந்து நிற்கும் கொடி ஏதேனும் இருக்கலாம். அது ஒரு பழக்கமாக இருக்கலாம்; ஒரு பிடிவாதமாக இருக்கலாம்; முன்பு பயன் தந்து இன்று சுமையாகிவிட்ட ஓர் ஏற்பாடாகவும் இருக்கலாம். அதை நட்டதற்காக நம்மை நாமே வெறுத்துக்கொள்வதால் பயனில்லை. அதன் பூக்கள் அழகாக இருப்பதால் விட்டுவிடுவதாலும் பயனில்லை. காய் முற்றுவதற்கு முன், கைகளைக் காத்துக்கொண்டு, அடிவேர் எங்கே என்று பார்த்து, பொறுமையாகப் பணியைத் தொடங்குவோம். அடுத்த மழைக்குப் பின் அந்த இடத்திற்கு மீண்டும் ஒருமுறை சென்று பார்ப்போம்.